துறைமுகம் வளர்கிறது, நம் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் வானொலி நிலையத்துத் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. நேரலையில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் எட்டு ஏ, ஒன்பது ஏ வாங்கிய பிள்ளைகளின் பெற்றோர். குரலில் சிரிப்பு இருக்கும். பின்னால் பாட்டி ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். வாழ்த்துச் சொல்லி, கேட்ட பாடலைப் போட்டுவிடுவோம். பாடல் ஓடத் தொடங்கியதும் இன்னொரு வகை அழைப்புகள் வரும். "இதை ஒலிபரப்பிடாதீங்க" என்று முதலிலேயே கேட்டுக்கொள்வார்கள்.

"தம்பி, மகனுக்கு மலாய் பாஸு, செஜாரா பாஸு. மத்தது ஒன்னும் சொல்லிக்கிற மாதிரி இல்ல. போர்ட்டுல லோரிக்குக் கிளீனரா போறேங்கிறான். இதுக்கு மேல படிக்க வைக்க ஏதாவது வழி இருக்கா?"

பண்டமாரானிலிருந்து ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. காப்பாரிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் இதே கேள்வி வேறு வேறு குரலில் வந்திருக்கிறது. நான்கு நிமிடப் பாடல் முடிவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வழி இருக்கிறது. அரசாங்கமே நடத்தும் வழி. அதன் பெயர் சமூகக் கல்லூரி, நம் வாயில் வருவதுபோல் சொன்னால் கோலேஜ் கொமுனிட்டி. பெயர் கேள்விப்படாதவர்கள் குறைவு. வாசல் மிதித்தவர்கள்தான் நம்மில் குறைவு.

கல்லூரிக்குள் போகுமுன் துறைமுகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். போர்ட் கிள்ளான் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு ஏன் அவசரமானது என்பது அங்கேதான் புரியும்.

1901 செப்டம்பரில் இந்தத் துறைமுகம் திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டியது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவி, மூடிவிடலாமா என்று அதிகாரிகள் யோசிக்கும் அளவுக்கு ஆட்கள் படுத்துவிட்டார்கள். மல்கம் வாட்சன் என்ற மருத்துவர் நீர் தேங்கும் இடங்களை வடித்துச் சுத்தம் செய்யவைத்த பிறகுதான் நிலைமை தேறியது. அந்தச் சதுப்பு நிலத்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் நம்மவர்கள் ஏராளம். கப்பலிலிருந்து மூட்டையை முதுகில் இறக்கி, கிடங்கில் அடுக்கி, ரயிலில் ஏற்றி, அதே கூலியில் பிள்ளைகளை வளர்த்த குடும்பங்கள் இன்றும் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன.

அந்த வேலையை யாரும் பறிக்கவில்லை; ஓர் இரும்புப் பெட்டி வந்து விழுங்கிவிட்டது. 1956இல் அமெரிக்காவிலிருந்து ஒரு கப்பல் 58 கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பதினேழு ஆண்டுகளில், 1973இல், கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் திறந்தாயிற்று. அதற்கு முந்திய ஆண்டுதான் ஊரின் பெயரும் போர்ட் கிள்ளான் என்று மாறியிருந்தது. ஒரு கும்பல் ஆட்கள் நாள் முழுக்கச் செய்த வேலையை ஒரு பாரந்தூக்கி சில நிமிடங்களில் முடித்தது. முதுகு பலம் இருந்தவனுக்கு வேலை குறைந்தது. பாரந்தூக்கி ஓட்டவும், அதன் மோட்டாரைப் பழுது பார்க்கவும், கொள்கலன் எண்ணைப் பதிவு செய்யவும் தெரிந்தவனுக்கு வேலை கூடியது.

இன்று நிலைமை என்ன? 2024இல் போர்ட் கிள்ளான் கையாண்டது, 20 அடிக் கொள்கலன் கணக்கில், 14.64 மில்லியன். உலகின் மிகப் பரபரப்பான துறைமுகங்களில் இதுவும் ஒன்று. இண்டா தீவிலுள்ள வெஸ்ட்போர்ட்ஸ் மட்டும் தன் கொள்ளளவை ஆண்டுக்கு 14 மில்லியனிலிருந்து 27 மில்லியனுக்கு உயர்த்தப் புதிய முனையங்களைக் கட்டுகிறது. அதன் குத்தகை 2082 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கிழக்குக் கரை ரயில் தடமும் கிளந்தானில் தொடங்கி இந்தத் துறைமுகத்தில்தான் வந்து முடியப்போகிறது. 2082 என்றால் இன்று பாலர் பள்ளிக்குப் போகும் குழந்தைகூட வேலை ஓய்வு பெற்றிருக்கும்.

வெஸ்ட்போர்ட்ஸை உருவாக்கியவர் 2023இல் மறைந்த டான்ஸ்ரீ ஞானலிங்கம். நம்மவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சொல்லலாம். ஆனால் துறைமுகத்துக்குச் சொந்தக்காரர் தமிழர் என்பதற்காக நம் பையனைப் பாரந்தூக்கியில் ஏற்றிவிட மாட்டார்கள். அதற்கு உரிமம் வேண்டும், சான்றிதழ் வேண்டும்.

அந்தப் பாரந்தூக்கி வேலையும் அப்படியே இருக்கப்போவதில்லை. ரோட்டர்டாமில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கொள்கலன் சுமக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பக்கத்தில் சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் அப்படிப்பட்ட வண்டிகள்தான் ஓடுகின்றன. அங்கே வண்டிக்கு ஓட்டுநர் இல்லை. ஆனால் அதன் மின்கலத்தையும் உணரியையும் மென்பொருளையும் கவனிக்க ஆள் இருக்கிறது. தாத்தாவுக்கு இரும்புப் பெட்டியால் நடந்தது பேரனுக்கு மென்பொருளால் நடக்கலாம். லோரிக் கிளீனராகப் போகும் பதினெட்டு வயதுப் பையனைப் பற்றி எனக்கு இருக்கும் கவலை அதுதான். இன்றைய சம்பளம் அவனுக்குப் போதுமானதாக இருக்கலாம். முப்பத்தைந்து வயதில் அந்த வேலை இருக்குமா என்பதுதான் கேள்வி.

சரி, கல்லூரிக்கு வருவோம்.

நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒரு சமூகக் கல்லூரி என்ற திட்டத்தை அமைச்சரவை 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே முதல் கல்லூரிகள் திறந்தன. 2004இல் உயர்கல்வி அமைச்சு தனியாகப் பிரிந்தபோது இவை அதன்கீழ் வந்தன. இப்போது பொலிடெக்னிக்குகளும் சமூகக் கல்லூரிகளும் ஒரே துறையின் பொறுப்பில் இருக்கின்றன. பொலிடெக்னிக்குகள் 36, சமூகக் கல்லூரிகள் நூற்றுக்கும் மேல். தொகுதிகளோ 222. சொன்னதில் ஏறக்குறையப் பாதிதான் நடந்திருக்கிறது என்று குறை சொல்லலாம். இருப்பதையே நாம் நிரப்பவில்லையே என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இந்த யோசனை நம் நாட்டில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில் ஆறே மாணவர்களுடன் முதல் பொதுச் சமூகக் கல்லூரி தொடங்கியது 1901இல், நம் துறைமுகம் திறந்த அதே ஆண்டில். தமிழ்கூறும் வட்டாரத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் இன்னொன்று வந்தது. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாதவர்களின் ஊருக்கே கல்லூரி வர வேண்டும் என்பதுதான் எல்லா இடத்திலும் அடிப்படை.

சிலாங்கூரில் கோல லங்காட், உலு லங்காட், சிலாயாங், சபாக் பெர்ணம் போன்ற இடங்களில் சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடமும் இருக்காது. ஒன்றில் வாகனப் பராமரிப்பு, இன்னொன்றில் மின்சாரப் பொருத்தல், வேறொன்றில் குளிர்சாதனம், கணினி வலையமைப்பு, கணக்கியல், தையல் ஆடை வடிவமைப்பு, சமையலும் ரொட்டித் தயாரிப்பும், தங்கும் விடுதி நடைமுறை என்று பிரிந்திருக்கும். எனவே "பக்கத்தில் எது?" என்று கேட்பதற்கு முன்னால் "பையனுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்க வேண்டும். சான்றிதழ்ப் படிப்பு பெரும்பாலும் சுமார் இரண்டு ஆண்டு. கடைசித் தவணையில் வகுப்பு கிடையாது, நிறுவனம் ஒன்றில் தொழிற்பயிற்சி. கட்டணமா? ஒரு தவணைக்குக் கட்டுவது நம் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் கைப்பேசியின் விலையைவிடக் குறைவு. இதைச் சொன்னதும் நிறையப் பெற்றோருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது: இவ்வளவு மலிவாக இருந்தால் தரம் எப்படி இருக்கும்? அரசாங்கப் பள்ளிக்கும் அரசாங்க மருத்துவமனைக்கும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கல்லூரி என்று வந்தால் மட்டும் விலையை வைத்துத் தரத்தை அளக்கிறோம்.

இந்தச் சந்தேகத்துக்கு எங்கள் சொந்தத்திலேயே ஒரு குடும்பம் விலை கொடுத்திருக்கிறது. பையன் எஸ்.பி.எம். முடித்த கையோடு ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். கண்ணாடிக் கட்டடம், கழுத்துப்பட்டை கட்டிய முகவர், பேச்சும் தமிழிலேயே. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. ஒன்றரை ஆண்டில் கல்லூரி வேறு கட்டடத்துக்கு மாறியது, விரிவுரையாளர்களும் மாறினார்கள். கடைசியில் கையில் வந்த தாளை எந்த வேலையிடமும் மதிக்கவில்லை. அந்தப் பாடத்துக்கு அங்கீகாரமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சங்கிலியை மீட்க இன்னும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று செய்யலாம்: எந்தக் கல்லூரியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலும் அந்தப் பாடம், கல்லூரியின் பெயர் அல்ல, அந்தப் பாடம், மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். திறன் சான்றிதழ் என்றால் திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

சமூகக் கல்லூரிகள் தொடங்கியபோது இருந்ததற்கும் இப்போதைக்கும் பெரிய வேறுபாடு, அங்கிருந்து மேலே போகும் படிக்கட்டு. முன்பெல்லாம் சான்றிதழோடு பலருக்குப் படிப்பு முடிந்துவிடும். இப்போது சான்றிதழ் முடித்தவர் பொலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஷா ஆலாமில் சுல்தான் சலாஹுடின் பொலிடெக்னிக் இருக்கிறது. விமானப் பராமரிப்பு படிக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பந்திங் பொலிடெக்னிக். கப்பல் இயந்திரப் பொறியியல் என்றால் 1969இல் யுனெஸ்கோ உதவியோடு ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார். அதற்கும் மேலே பட்டப்படிப்புக்கு நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் ஜொகூர், மலாக்கா, பகாங், பெர்லிசில் இருக்கின்றன. எஸ்.பி.எம்.மில் கணிதம் சறுக்கிய பையன் இருபத்தைந்து வயதில் பொறியியல் தொழில்நுட்பப் பட்டதாரியாக வெளியே வருவது நடக்கிற காரியம்தான். சுற்று வழி, கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆனால் சாலை உடைந்திருக்கவில்லை.

வேலையிடத்திலேயே பெரும்பகுதி கற்கும் பாடங்களும் சமூகக் கல்லூரிகளில் வந்திருக்கின்றன. வகுப்பில் அடிப்படையைக் கற்று, மீதியை நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடம் கற்பது. இதன் இன்னொரு வடிவம் மனிதவள அமைச்சின் இரட்டைப் பயிற்சி முறை: எழுபதிலிருந்து எண்பது விழுக்காடு தொழிற்கூடத்தில், மீதி பயிற்சி மையத்தில். பட்டறையிலேயே பிறந்து வளர்ந்த நம் பையன்கள் சிலருக்கு இது கைவந்த கலை. நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார வைத்தால் தூங்குகிறவன், கியர் பெட்டியைப் பிரித்துப் போட்டால் சாப்பாட்டையும் மறந்துவிடுகிறான். அவனைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது?

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். தொழில் திறன் கல்வியை நடத்துவது இந்த நாட்டில் ஓர் அமைச்சு அல்ல, பத்துக்கும் மேற்பட்ட அமைச்சுகள். சமூகக் கல்லூரி ஒன்றின்கீழ், படிவம் மூன்றுக்குப் பிறகு சேரும் தொழிற்கல்விக் கல்லூரி இன்னொன்றின்கீழ், அட்டெக் மனிதவள அமைச்சின்கீழ், இளைஞர் பயிற்சிக் கழகம் வேறொன்றின்கீழ். ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம், ஒரு தேதி, ஒரு நிபந்தனை. எனக்கே ஊடகப் படிப்பு படித்த தலை சுற்றுகிறது. இரவு வேலை முடிந்து வந்து, கைப்பேசியில் மலாய் இணையப் பக்கத்தைத் திறக்கும் அப்பாவுக்கு எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கத் தேசிய மன்றம் அமைத்திருக்கிறார்கள். ஆனால் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, தமிழில் ஒருவர் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால் அது செய்யும் வேலையை எந்த மன்றமும் செய்யாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் இளைஞர் சங்கங்கள் எஸ்.பி.எம். முடிவு வாரத்தில் இதையும் போடலாம்.

மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாதவர்களுக்கு 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, அங்கிருந்தே பள்ளியில் ஒட்டாமல் போன பிள்ளைகள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவர்கள் அந்த இரு பாடங்களை மட்டும் மறுதேர்வாக எழுதலாம், பிறகு சமூகக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் மனம் இல்லையென்றால் மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலைக்கு எஸ்.பி.எம். தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. கீழ்ப்படியில் ஏறினாலும் அதே ஏணிதான்.

இதுவரை பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அப்பாக்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், நான் அதிகம் ஆசைப்படுவது இந்தப் பகுதியைத்தான்.

துறைமுகத்தில் இருபது ஆண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், குளிரூட்டிய கொள்கலனின் கம்ப்ரசரைச் சத்தத்தை வைத்தே நோய் சொல்கிறவர், பிரேம் மூவரின் கீழே படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர், இவர்களிடம் திறமை இருக்கிறது, தாள் இல்லை. புதிதாக வந்த இருபத்து மூன்று வயது டிப்ளோமாக்காரர் மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறார். வேலை சொல்லிக் கொடுத்தவர் "ஓகே பாஸ்" என்று நிற்கிறார். இதற்கும் வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையில், முன்பு பெற்ற திறனை அங்கீகரிக்கும் முறை ஒன்று உண்டு. வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களை, அதாவது நிறுவனக் கடிதம், படங்கள், பயிற்சித் தாள்கள் போன்றவற்றைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் திறமையைக் காட்டினால் மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். கல்வித் தகுதிக்கும் இதேபோல் மலேசியத் தகுதி நிறுவனத்தின் முறை உண்டு. பணி அனுபவம் இருந்தால், சான்றிதழ்ப் படிப்புக்கு 19 வயதிலும் டிப்ளோமாவுக்கு 20 வயதிலும் பட்டப்படிப்புக்கு 21 வயதிலும் இந்த வழியாக மதிப்பீட்டுக்கு உட்கார்ந்து நுழையலாம்.

இதைச் சொன்னால் அப்பாக்கள் சிரிப்பார்கள். "இந்த வயசுல எதுக்குப்பா?" என்பார்கள். கோப்பைத் தொகுக்க மகளோ மகனோ உட்கார்ந்தால் இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும். படங்கள் ஏற்கெனவே அப்பாவின் கைப்பேசியில்தான் இருக்கின்றன.

அம்மாக்களுக்குச் சமூகக் கல்லூரியின் குறுகிய காலப் பயிற்சிகள். சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரை நடக்கும். கேக் அலங்காரம், தையல், முக ஒப்பனை, குளிர்சாதனப் பெட்டி கழுவுதல், இணையத்தில் விற்பனை என்று பட்டியல் நீளும். எஸ்.பி.எம். கேட்பதில்லை, வயதும் தடையில்லை. தீபாவளிக்குப் பலகாரம் செய்து விற்கும் அக்காமார் கிள்ளானில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் முறுக்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கணக்கு எழுதுவது, பொட்டலத்தில் ஒட்டும் விவரச் சீட்டு, உணவு கையாள்வோர் பயிற்சி ஆகியவற்றுக்குத்தான் ஒரு கை கொடுக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி. துறைமுகம் என்றாலே மூட்டை, கிரீஸ், வெயில் என்ற படம் நம் தலையில் உறைந்துவிட்டது. சுங்கப் பத்திரங்கள், கப்பல் முன்பதிவு, கொள்கலன் அடுக்குத் திட்டமிடல் எல்லாம் கணினி முன்னால் நடக்கின்றன. பாரந்தூக்கியையே திரை பார்த்து இயக்கும் முனையங்கள் உலகில் வந்துவிட்டன. மின்சாரப் பொருத்தல் படிக்க வேண்டும் என்று மகள் கேட்டால், கல்யாணச் சம்பந்தத்தில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்.

பயணம் ஒரு சிக்கல்தான், மறைக்க வேண்டியதில்லை. போர்ட் கிள்ளானிலிருந்து பந்திங் வட்டாரத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். கொள்கலன் லோரிகளோடு ஒரே சாலையில் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனம் வராது. கொமியூட்டர் ரயில் ஷா ஆலாம் பக்கம் போகிறது, தெற்கே போவதில்லை. விண்ணப்பிக்கும்போதே தங்கும் விடுதி உண்டா, இல்லையென்றால் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீடு பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

எஸ்.பி.எம். முடித்தவர்கள் யு.பி.யு. இணையத்தளம் வழியாகப் பொலிடெக்னிக்குக்கும் சமூகக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே அந்தத் தளம் என்று நினைத்து, தேர்ச்சி குறைந்த பிள்ளைகள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அடையாள அட்டை நகல், எஸ்.பி.எம். முடிவு, பெற்றோர் வருமான விவரம் மூன்றையும் ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை நாளில் கல்லூரிக்கே நேரில் போய், அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கி, பட்டறையைப் பாருங்கள். இயந்திரங்கள் ஓடுகின்றனவா, தூசி படிந்து நிற்கின்றனவா? கடந்த ஆண்டு மாணவர்கள் தொழிற்பயிற்சிக்கு எந்த நிறுவனங்களுக்குப் போனார்கள்? அவர்களில் எத்தனை பேரை அந்த நிறுவனங்களே வைத்துக்கொண்டன? இந்த மூன்றையும் கேளுங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வியை அவனே கேட்கட்டும்.